வெடிமருந்துக்கு முன்பே விழுந்த கோட்டை: அர்க்கர்ட் எப்படி இடிபாடானது?

2021-இலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கோட்டை பார்க்கப் போன பலர், கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். லின்லித்கோ அரண்மனை, கிரெய்க்மில்லர் கோட்டை என்று பெயர்பெற்ற பல இடங்கள் முழுதாகவோ பாதியாகவோ மூடப்பட்டன. உயரத்தில் இருக்கும் கற்கள் பெயர்ந்து விழலாம், சோதித்துப் பார்த்த பிறகுதான் ஆட்களை விட முடியும் என்றது அவற்றைப் பராமரிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து.

உடனே எழுந்த கேள்வி: எழுநூறு வருஷம் நின்ற சுவர் இப்போது மட்டும் ஏன் விழப் போகிறது? கூடவே இன்னொன்று: இவ்வளவு கவலை இருந்தால் கட்டிடத்தைத் திரும்பக் கட்டிவிடலாமே?

இரண்டுக்கும் பதில் சொல்ல, ஒரு கோட்டை எப்படி இடிபாடாகிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு நெஸ் ஏரிக் கரையில் இருக்கும் அர்க்கர்ட் கோட்டையை எடுத்துக்கொள்கிறேன். ஏரிப் பூதம் புகழால் உலகம் முழுக்கத் தெரிந்த இடம் அது. பூதத்தை விட்டுவிடுவோம். 1692-இல் வெடிவைத்துத் தகர்த்ததால் பாழானது என்று ஒரே வரியில் பலரும் முடித்துவிடும் கதையும் அதற்குத்தான் இருக்கிறது. அந்த ஒரு வரி பாதி உண்மைதான்.

கோட்டை என்றால் இங்கே என்ன?

தமிழில் கோட்டை என்றதும் ஊரையோ மலையையோ வளைத்து நிற்கும் மதில் நினைவுக்கு வரும். ஸ்காட்லாந்தில் அந்தப் பெயரில் நிற்பவற்றில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை அல்ல. ஒரு பிரபுவின் வீடு, அவருடைய நிர்வாக அலுவலகம், களஞ்சியம், காவல் எல்லாம் ஒரே மதிலுக்குள் இருக்கும். அந்த வீட்டில் குடும்பம் குடியிருந்து, சுற்றியுள்ள நிலத்திலிருந்து விளைச்சலில் பங்கு வந்து, வேலையாட்கள் நடமாடிக்கொண்டிருந்தால்தான் கோட்டை உயிரோடு இருக்கும். காவல் வீரர்களை மட்டும் நிறுத்தினால் சில மாதம் தாங்கும், அவ்வளவுதான்.

அர்க்கர்ட் கோட்டை இன்வெர்னஸ் நகருக்குத் தென்மேற்கே சுமார் 21 கிலோமீட்டரில், டிரம்னாட்ராக்கிட் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை முனையில் இருக்கிறது. அந்த ஏரி கிரேட் கிளென் என்ற நீண்ட பள்ளத்தாக்கின் ஒரு பகுதி. ஸ்காட்லாந்தின் மலைநாட்டைக் குறுக்கே வெட்டி, மேற்குக் கடலையும் கிழக்குக் கடலையும் இணைக்கும் இயற்கையான பாதை அது. முனையில் நிற்பவன் கண்ணில் படாமல் ஏரியில் ஒரு படகு போக முடியாது. இடத்தின் மதிப்பு முழுவதும் இதில்தான்.

அதனால்தான் கல்கோட்டைக்கு முன்பும் அங்கே ஆள் இருந்தார்கள். நெருப்பின் சூட்டில் உருகி ஒட்டிப்போன கற்கள் அங்கே கிடைத்திருக்கின்றன. அவை ஸ்காட்லாந்தின் பழங்கால மக்களான பிக்ட்கள் காலத்து அரணின் மிச்சம். 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறவி கொலம்பா ‘ஏர்சார்ட்டன்’ என்ற இடத்துக்கு வந்து, சாகக் கிடந்த எம்காத் என்ற முதியவருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அவருடைய வரலாறு சொல்கிறது. அந்தப் பெயர்தான் மருவி அர்க்கர்ட் ஆனது.

கை மாறிக்கொண்டே இருந்த கோட்டை

1230 வாக்கில் இரண்டாம் அலெக்ஸாண்டர் மன்னர் இந்த நிலத்தை டர்வர்ட் குடும்பத்துக்குக் கொடுத்தார். முதல் கல்கோட்டையைக் கட்டியவர் ஆலன் டர்வர்ட் என்று கருதப்படுகிறது. 1275-இல் அவர் இறந்ததும் அது காமின் குடும்பத்துக்குப் போனது.

அப்புறம் இங்கிலாந்தோடு போர். இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். 1296-இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டின் படை பிடித்தது. சில வருஷத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள் மீட்டார்கள். 1303-இல் முற்றுகையிட்டு மறுபடியும் எட்வர்ட் பிடித்தார். 1307-இல் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் கைக்கு வந்து, அரசுக் கோட்டையானது. 1333-இல் ஹேலிடன் ஹில் போரில் ஸ்காட்லாந்து நொறுங்கியபோது, சிறுவனான மன்னர் இரண்டாம் டேவிட் பெயரில் தாக்குப்பிடித்த ஐந்து கோட்டைகளில் இதுவும் ஒன்று.

இத்தனை முறை கை மாறியும் கோட்டை பாழாகவில்லை. காரணம் சாதாரணமானது. பிடித்தவனுக்கெல்லாம் அது தேவைப்பட்டது. சுவர் உடைந்தால் அடுத்து வந்தவன் கட்டினான், கூரை எரிந்தால் புதுக்கூரை போட்டான். தாக்குதல் மட்டுமே ஒரு கோட்டையைக் கொல்வதில்லை. தாக்குதலுக்குப் பிறகு யாரும் கூரை வேய வராதபோதுதான் அது சாகிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை தெளிவாகப் புரியும்.

வீழ்ச்சியின் உண்மையான தொடக்கம்

1395-இல் மேற்குத் தீவுகளின் தலைவரான மெக்டொனால்டு குலத்தார் கோட்டையைப் பிடித்தார்கள். அதிலிருந்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு மன்னருக்கும் அவர்களுக்கும் இடையே இழுபறி. மலைநாட்டில் மன்னரின் கை எட்டாத இடம் இது என்பது நன்றாகத் தெரிந்துவிட்டது. கடைசியில் அரசு, செலவைத் தன் தலையிலிருந்து இறக்கி உள்ளூர்க்காரர் ஒருவர் தலையில் ஏற்றியது. 1509-இல் நான்காம் ஜேம்ஸ் மன்னர் கோட்டையையும் நிலத்தையும் ஃப்ரூக்கி ஊரைச் சேர்ந்த ஜான் கிராண்டுக்கு எழுதிக்கொடுத்தார்.

அந்த சாசனத்தின் நிபந்தனைகளைப் படித்தால் ஒரு கோட்டை ஓட என்னென்ன வேண்டும் என்று தெரிகிறது. கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கோபுரமும் அரணும் கட்ட வேண்டும். அதோடு கூடம், அறை, சமையற்கட்டு, பண்டசாலை, ரொட்டி சுடும் இடம், பீர் காய்ச்சும் இடம், மாட்டுக்கொட்டில், தானியம் உலர்த்தும் சூளை, புறாக்கூண்டு, பழத்தோட்டம், தோட்டத்துக்கு மரவேலி. மன்னர் கேட்டது குடித்தனம் நடக்கிற ஒரு வீட்டை. இன்றைக்கும் அங்கே உயர்ந்து நிற்கும் கிராண்ட் கோபுரம் இந்தக் குடும்பத்தின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. ஐந்து அடுக்கு, மூன்று மீட்டர் வரை தடித்த சுவர்.

ஆனால் குடித்தனம் நிலைக்கவில்லை. 1513-இல் ஃப்ளாடன் போரில் மன்னர் இறந்ததும் மெக்டொனால்டுகள் மறுபடி புகுந்து, மூன்று வருஷம் கோட்டையைத் தங்கள் வசம் வைத்திருந்தார்கள். 1545-இல் வந்தது பெரிய கொள்ளை. கிளென்காரி மெக்டொனால்டுகளும் கேமரன் குலத்தாரும் சேர்ந்து பள்ளத்தாக்கையே துடைத்துக்கொண்டு போனார்கள். சுமார் 2,000 மாடுகளும் ஏராளமான ஆடுகளும் ஓட்டிச் செல்லப்பட்டன. கோட்டைக்குள்ளிருந்து போனவற்றின் பட்டியல் இன்னும் விசேஷம்: இறகு மெத்தைகள், போர்வைகள், பாத்திரங்கள், மேசைகள், துப்பாக்கிகள், மூன்று பெரிய படகுகள். அதோடு கோட்டைக் கதவுகளும்.

கதவுகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள் என்ற இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். எதிரிக் கோட்டையைத் தனக்கென்று பிடிக்க வருபவன் கதவைக் கழற்றமாட்டான், உள்ளே இருந்து பூட்டிக்கொள்வான். கதவைக் கழற்றிப் போகிறவனுக்கு அந்த இடம் வேண்டாம், அங்கே இருக்கும் பொருள் போதும். கோட்டையின் மதிப்பு அன்றைக்கே சரிய ஆரம்பித்துவிட்டது என்பது என் எண்ணம். வெடிவைத்த 1692 அதற்கு 147 வருஷம் கழித்து வருகிறது.

ஆளில்லாத வீடு

கிராண்ட் குடும்பம் திரும்பி வந்து பழுது பார்த்தது உண்மைதான். ஆனால் அவர்களுடைய முதன்மை வீடு கிழக்கே ஸ்பே ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்தது. அர்க்கர்ட் இரண்டாம் வீடாகவே இருந்தது. 1644-இல் குடும்பத்துப் பெண்மணி மேரி கிராண்ட் இங்கே தங்கியிருந்தபோது, அவர் ஆயர்களை ஏற்கும் திருச்சபையைச் சேர்ந்தவர் என்பதற்காக, கவனன்டர் எனப்பட்ட எதிர்த்தரப்பு மதக் கூட்டத்தார் உள்ளே புகுந்து அவரைக் கொள்ளையடித்து வெளியே துரத்தினார்கள். 1647-இல் எழுதிய பொருள் பட்டியலில் கோட்டை கிட்டத்தட்ட காலி.

அதே காலத்தில் கோட்டையின் வேலையும் போய்விட்டது. 1650-களில் இங்கிலாந்தின் ஆட்சியைப் பிடித்திருந்த குரோம்வெல்லின் படை மலைநாட்டை அடக்க வந்தது. கிரேட் கிளென் பாதை அவர்களுக்கும் வேண்டியிருந்தது. ஆனால் பாதையின் இரு முனைகளிலும், ஒருபுறம் இன்வெர்னஸிலும் மறுபுறம் இன்வெர்லாக்கியிலும், பீரங்கிக்கு ஏற்ற புதிய அரண்களைக் கட்டினார்கள். ஏரிக்கு ஒரு போர்க்கப்பலை உருளைக்கட்டைகள் மேல் தரைவழியாக இழுத்துக்கொண்டு போய் மிதக்கவிட்டார்கள். ஏரியில் கப்பல் இருந்தால் கரையில் கோட்டை எதற்கு? அர்க்கர்ட்டை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

1689-லிருந்து 1692 வரை என்ன நடந்தது?

பலரும் குழம்புவது இங்கேதான். ‘சொந்த வீரர்களே சொந்தக் கோட்டையைத் தகர்த்தார்களாம்’ என்று கேட்டால் விசித்திரமாகத்தான் இருக்கும். வரிசைப்படி பார்க்கலாம்.

1. பிரிட்டனில் ஏழாம் ஜேம்ஸ் மன்னர் (இங்கிலாந்தில் இரண்டாம் ஜேம்ஸ்) துரத்தப்பட்டு வில்லியமும் மேரியும் அரியணை ஏறினார்கள். ஜேம்ஸைத் திரும்பக் கொண்டுவரப் போராடியவர்களுக்கு ஜேக்கபைட் என்று பெயர். மலைநாட்டில் அவர்களுக்குச் செல்வாக்கு இருந்தது.

2. கோட்டைக்குச் சொந்தக்காரரான லூடவிக் கிராண்ட் வில்லியம் பக்கம் நின்றார். தன் குலத்து வீரர்களில் சுமார் 200 பேரைக் கோட்டையில் நிறுத்தினார்.

3. அதைவிட இரண்டு மடங்குக்கு மேலான ஜேக்கபைட்கள் முற்றுகையிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். பழைய கோட்டைதான், ஆனாலும் எதிரியிடம் கனமான பீரங்கி இல்லாதவரை கல்சுவர் போதுமானதாக இருந்தது.

4. 1690 மே மாதம் குரோம்டேல் என்ற இடத்தில் ஜேக்கபைட்கள் தோற்றார்கள். அதே வருஷம் இன்வெர்லாக்கியில் ஃபோர்ட் வில்லியம் அரண் புதிதாக எழும்பியது.

5. 1692-இல் அர்க்கர்ட்டிலிருந்து காவல்படை கிளம்பியபோது, நாளைக்கு எதிரி வந்து உட்கார்ந்துகொள்ளக் கூடாது என்று நுழைவாயில் மாடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்க வேண்டியதில்லை. காவலுக்கு ஆள் நிறுத்தும் செலவு வேண்டாம், எதிரிக்கும் பயன்படக்கூடாது என்றால் படைக்காரன் செய்வது இதுதான். அதுவும் கோட்டை முழுவதையும் அவர்கள் தகர்க்கவில்லை. வாயிலை உடைத்தால் அரண் என்ற தகுதி போய்விடும், அது அவர்களுக்குப் போதும்.

அந்த வெடிப்பின் அடையாளம் இன்றும் அங்கே கிடக்கிறது. வாயிலுக்குப் பக்கத்தில் வண்டி அளவு பெரிய சுவர்த்துண்டுகள் சாய்ந்து கிடக்கின்றன. கல்லும் காரையும் பிரியாமல், ஒரே கட்டியாக. உள்ளே கல் வரிசைகள் சாய்வாக ஓடுவதைப் பார்த்தால்தான், நிமிர்ந்து நின்ற சுவர் அப்படியே தூக்கி எறியப்பட்டிருக்கிறது என்று உறைக்கும். முந்நூறு வருஷத்துக்கும் மேல் மழையில் நனைந்தும் அந்தக் காரை விட்டுக்கொடுக்கவில்லை.

சேதத்துக்காக கிராண்டுக்கு 2,000 பவுண்டு கொடுக்க நாடாளுமன்றம் ஆணையிட்டது. கோட்டையில் பழுதுவேலை எதுவும் நடக்கவில்லை. ஊர்க்காரர்கள் ஈயம், மரம், கல் என்று தேவைப்பட்டதை எடுத்துப் போனார்கள். இதில் அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செதுக்கிய கல் கேட்பாரற்றுக் கிடக்கும்போது மாட்டுக்கொட்டில் கட்டுகிறவன் மலையில் போய் உடைப்பானா? 1715 வாக்கில் அடித்த புயலில் கிராண்ட் கோபுரத்தின் தென்சுவர் சரிந்தது. வெடிமருந்து தொடாத கோபுரத்தைக் காற்று சாய்த்தது.

கூரை போனால் சுவருக்கு என்ன ஆகிறது?

கூரை எப்படிப் போகிறது என்பதில் ஒவ்வொரு கோட்டைக்கும் ஒரு கதை. கிழக்குக் கடற்கரையில் டன்னாட்டர் கோட்டையின் சொந்தக்காரர் 1715 கிளர்ச்சியில் சேர்ந்ததால் அரசு அதைப் பறிமுதல் செய்தது. வாங்கிய நிறுவனம் பெயர்க்க முடிந்ததையெல்லாம் பெயர்த்து விற்றது. வடக்கே ஸ்லெயின்ஸ் கோட்டை 20-ஆம் நூற்றாண்டு வரை வசிக்கத் தகுந்ததாக இருந்தது. 1925-இல் அதன் கூரையைப் பிரித்துவிட்டார்கள். கூரையில்லாத கட்டிடத்துக்கு வரி இல்லை என்ற கணக்கு அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அங்கே வெடியும் இல்லை, முற்றுகையும் இல்லை. ஆனால் முடிவு ஒன்றேதான்.

ஏனென்றால் இந்தச் சுவர்கள் முழுக்கல் அல்ல. வெளிப்பக்கம் ஒரு கல்வரிசை, உள்பக்கம் ஒரு கல்வரிசை, நடுவில் சில்லுக்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொட்டி நிரப்பியது. கூரை இருக்கும்வரை சுவரின் தலைக்கு மழை படாது. கூரை போனதும் நடப்பது இது:

1. சுவரின் உச்சி வழியாக மழைநீர் நேராக நடுவில் இருக்கும் நிரப்புக்குள் இறங்குகிறது.

2. நீர் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. நடுவில் வெற்றிடம் உண்டாகிறது. வெளியிலிருந்து பார்த்தால் சுவர் திடமாகவே தெரியும்.

3. குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் நீர் உறைகிறது. பனிக்கட்டியாகும்போது நீர் சுமார் 9 சதவீதம் பருக்கிறது. கற்களை வெளியே தள்ளுகிறது. உருகி, மறுபடி உறைந்து, மறுபடி தள்ளுகிறது.

4. இடுக்குகளில் செடி முளைக்கிறது. வேர் ஆப்பு போல இறங்குகிறது.

5. இதெல்லாம் முற்றியபின் ஒருநாள், காற்று கூட இல்லாத நேரத்தில், ஒரு கல் விழுகிறது.

இதில் இரண்டாவது படிதான் மோசம். நம் கேள்விக்கு விடையும் அங்கே இருக்கிறது. ‘எழுநூறு வருஷம் நின்ற சுவர்’ என்று எண்ணுவது தவறான கணக்கு. கூரையோடு நின்ற காலத்தைக் கழித்துவிட்டு, கூரையில்லாமல் நின்ற காலத்தை எண்ண வேண்டும். அர்க்கர்ட்டுக்கு அது முந்நூறு வருஷத்துக்கும் மேல். அவ்வளவு காலமும் உள்ளே கரைவது நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

அதோடு இரண்டு விஷயம் சேர்ந்துகொண்டது. ஒன்று சிமெண்ட். 20-ஆம் நூற்றாண்டில் பல இடிபாடுகளில் நல்ல எண்ணத்தோடுதான் கல்லிடுக்குகளில் சிமெண்ட் பூசினார்கள். சுண்ணாம்பு உள்ளே போன ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. அடைபட்ட ஈரம் கல் வழியாகவே வெளியேறப் பார்க்கும், கல் பொரியும். மணற்கல் என்றால் இன்னும் சீக்கிரம். இன்னொன்று மழை. ஸ்காட்லாந்தின் குளிர்காலம் முன்பைவிட ஈரமாகியிருக்கிறது. சுவர் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது.

திரும்பக் கட்டினால் என்ன?

கட்டிய உதாரணம் உண்டு. மேற்குக் கரையில் ஐலீன் டோனன் கோட்டையை 1719-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சுட்டுத் தகர்த்தன. இருநூறு வருஷம் கழித்து ஜான் மெக்ரே-கில்ஸ்ட்ராப் என்பவர் அதை வாங்கித் திரும்பக் கட்டினார். வேலை 1932-இல் முடிந்தது. இன்று தபால் அட்டைகளில் வரும் ‘இடைக்காலக் கோட்டை’ பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டுக் கட்டிடம்தான்.

அர்க்கர்ட் வேறு வழியில் போனது. நிலம் கடைசியில் சீஃபீல்டு குடும்பத்துக்கு வந்திருந்தது. கோட்டையை அரசு பராமரிப்பில் ஒப்படைக்க வேண்டும் என்று கரோலின் சீமாட்டி உயில் எழுதி வைத்து 1911-இல் இறந்தார். 1913-இல் அரசின் பொதுப்பணித் துறை அதை ஏற்றது. பிரிட்டனில் புராதனச் சின்னங்களுக்கு வலுவான பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே வருஷம்தான். அந்தத் துறையினர் பின்பற்றிய கொள்கை எளிது: இருப்பதை இருக்கிறபடி காப்பாற்று, இல்லாததைக் கற்பனை செய்து கட்டாதே.

நான் இந்தக் கொள்கையின் பக்கம்தான். அர்க்கர்ட்டின் உள்கூடம் எப்படி இருந்தது என்பதற்கு நம்பகமான வரைபடம் கிடையாது. திரும்பக் கட்டினால் அது இன்றைய கட்டிடக் கலைஞரின் ஊகமாகத்தான் இருக்கும். வாயிலருகே சாய்ந்து கிடக்கும் அந்தச் சுவர்க்கட்டிகளை முதலில் அப்புறப்படுத்தவும் வேண்டியிருக்கும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கூரை போடாமல் காப்பாற்றுவது என்றால் பராமரிப்பு வேலைக்கு முடிவே கிடையாது.

அந்த வேலைதான் இப்போது தடுப்புக்குப் பின்னால் நடக்கிறது. 300-க்கும் மேற்பட்ட சின்னங்களைப் பராமரிக்கும் அமைப்பு அது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. தூரத்திலிருந்து படமெடுத்தால் சுவருக்குள் இருக்கும் வெற்றிடம் தெரியாது. எனவே ஆட்கள் உயரத் தூக்கும் இயந்திர மேடையில் ஏறி, சுவரின் உச்சியில் ஒவ்வொரு கல்லாகக் கையால் தொட்டுப் பார்க்கிறார்கள். ஆடும் கல்லைக் கட்டவேண்டும் அல்லது எடுத்து வைக்கவேண்டும். பழைய சிமெண்டைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்புக் காரை பூச வேண்டும். சுண்ணாம்பு உறைபனியில் இறுகாது என்பதால் இந்த வேலைக்கு வருஷத்தில் சில மாதங்கள்தான் தோதுப்படும். சில இடங்களில் சுவர்த்தலை மேல் புல்கரணைகளைப் பதிக்கிறார்கள். மழையை அது உறிஞ்சிக்கொள்ளும், உறைபனி கல்லைத் தொடவிடாது. போன கூரைக்குப் பதில் ஒரு சாண் மண்ணும் புல்லும். இப்படிச் சோதித்து முடித்த பகுதிகள்தான் ஒவ்வொன்றாகத் திறக்கப்படுகின்றன.